சான்றிதழ் தானாகவே புதுப்பிக்கட்டும்!

இன்டர்நெட்டில் உலா வருகையில், நன்கு தெரிந்த ஒரு தளத்தின் முகவரியை டைப் செய்து என்டர் தட்டுகிறீர்கள். தளம் வருவதற்குப் பதிலாக, சிவப்பு நிற முக்கோணத்துடன் "யுவர் கனெக்ஷன் இஸ் நாட் பிரைவேட்" என்று ஓர் எச்சரிக்கைப் பக்கம் கிடைக்கிறது. நேற்று வரை ஒழுங்காகத் திறந்த தளம்தான். நம் கம்ப்யூட்டரில் வைரஸ் வந்துவிட்டதா, தளத்தை யாரேனும் கைப்பற்றிவிட்டார்களா என்று பயந்து போகிறோம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று.

பல நேரங்களில் காரணம் மிகவும் சாதாரணமானது. அந்தத் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகியிருக்கும். அதைப் புதுப்பிக்க வேண்டியவர் மறந்திருப்பார். அவ்வளவுதான்.

இந்த மறதிக்கு இப்போது இலவசமாகவே மருந்து இருக்கிறது. சான்றிதழைப் புதுப்பிக்கும் வேலையை மனிதர் கையிலிருந்து எடுத்து, சர்வரிடமே ஒப்படைத்துவிடலாம். சொந்தமாக ஒரு சிறிய தளம் வைத்திருப்பவர்கள் இதனைக் கட்டாயம் செய்ய வேண்டும். தளம் எதுவும் இல்லாதவர்களும் இதைத் தெரிந்து கொள்வது நல்லது. ஏன் என்று பார்ப்போம்.

சான்றிதழ் என்றால் என்ன?

ஒரு தளத்தின் முகவரி "ஹெச்.டி.டி.பி.எஸ்." என்று தொடங்கினால், அதன் கடைசி எழுத்தான எஸ், பாதுகாப்பைக் குறிக்கிறது. உங்கள் பிரவுசருக்கும் தளத்தின் சர்வருக்கும் இடையே செல்லும் தகவல்கள் எல்லாம் சங்கேத மொழியாக மாற்றப்பட்டுச் செல்கின்றன. வழியில் யாரேனும் ஒட்டுக் கேட்டாலும், உங்கள் பாஸ்வேர்டோ வங்கிக் கணக்கு எண்ணோ அவருக்குப் புரியாது. 1995ல் நெட்ஸ்கேப் நிறுவனம் எஸ்.எஸ்.எல். என்ற பெயரில் இந்த முறையைக் கொண்டு வந்தது. இப்போது பயன்பாட்டில் இருப்பது அதன் வாரிசான டி.எல்.எஸ்.; ஆனாலும் பழக்கத்தில் எஸ்.எஸ்.எல். என்றே பலரும் அழைக்கிறோம்.

தகவலைச் சங்கேத மொழியில் அனுப்பினால் மட்டும் போதாது. அதைச் சரியான ஆளிடம்தான் அனுப்புகிறோமா என்பதும் தெரிய வேண்டும். அதற்குத்தான் சான்றிதழ். "இந்தப் பெயருள்ள தளம் இந்த சர்வரில்தான் இயங்குகிறது" என்று, பிரவுசர்கள் நம்பும் ஓர் அமைப்பு கையொப்பமிட்டுத் தருகிறது. நாம் தளத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், பிரவுசர் இந்தச் சான்றிதழை வாங்கிப் பார்க்கிறது. பெயர் சரியா, கையொப்பம் சரியா, தேதி முடிந்துவிட்டதா என்று சோதிக்கிறது. ஏதேனும் ஒன்று தவறானாலும் அந்தச் சிவப்பு முக்கோணம் வந்துவிடும்.

ஒன்றை நினைவில் வைக்கவும். தளத்தை நடத்துபவர் நல்லவரா என்று சான்றிதழ் சொல்வதில்லை. மோசடிக்காரர்களும் தங்கள் சொந்தத் தளத்திற்குச் சான்றிதழ் வாங்க முடியும். நீங்கள் டைப் செய்த பெயருடைய தளத்துடன்தான் பேசுகிறீர்கள் என்பதற்கு மட்டுமே அது உத்தரவாதம்.

ஏன் காலாவதியாக வேண்டும்?

"ஒரு முறை கொடுத்தால் காலம் முழுவதும் செல்லும்படி வைக்கக் கூடாதா?" என்று கேட்கலாம். கூடாது என்பதற்கு நல்ல காரணங்கள் உண்டு. இன்று ஒருவரிடம் இருக்கும் தளப் பெயர் அடுத்த ஆண்டு வேறொருவர் கைக்குப் போகலாம். சர்வரில் உள்ள ரகசியச் சாவியை யாரேனும் திருடிவிடலாம். பழைய சங்கேத முறைகள் பலவீனமாகி, கைவிடப்படலாம். ஷா-1 என்ற முறையில் கையொப்பமிட்ட சான்றிதழ்களை 2017ல் முன்னணி பிரவுசர்கள் ஏற்க மறுத்தது இப்படித்தான். கெட்டுப் போன சான்றிதழை இடையிலேயே ரத்து செய்யவும் வழி இருக்கிறது. ஆனால் அந்தச் செய்தி எல்லா பிரவுசர்களையும் உடனே சென்று சேரும் என்று நம்ப முடியாது. எனவே ஆயுளையே குறைத்து வைப்பதுதான் பாதுகாப்பு.

அந்த ஆயுள் எப்படிக் குறைந்து வருகிறது பாருங்கள். 2015 ஏப்ரலில் அதிகபட்சம் 39 மாதங்கள் என்று இருந்தது. 2018 மார்ச்சில் 825 நாள்கள் ஆனது. 2020 செப்டம்பரில் 398 நாள்கள். பிரவுசர் நிறுவனங்களும் சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களும் சேர்ந்த கூட்டமைப்பு, 2025 ஏப்ரலில் மேலும் ஓர் அட்டவணையை ஏற்றுக் கொண்டது. அதன்படி 2026 மார்ச் 15 முதல் 200 நாள்கள். 2027 மார்ச் 15 முதல் 100 நாள்கள். 2029 மார்ச் 15 முதல் வெறும் 47 நாள்கள்!

47 நாள்கள் என்றால் ஆண்டுக்கு எட்டு முறை புதுப்பிக்க வேண்டும். தெரிந்தவர்களுக்காக நான் ஐந்து சிறிய தளங்களைக் கவனித்து வருகிறேன். கையால் செய்வதென்றால் ஆண்டுக்கு நாற்பது முறை உட்கார வேண்டும். நடக்கிற காரியமா?

மறதியின் விலை

சிறிய தளங்கள்தான் மறக்கின்றன என்று நினைக்க வேண்டாம். 2018 டிசம்பர் 6 அன்று, பிரிட்டனில் ஓ2 நிறுவனத்தின் மொபைல் வாடிக்கையாளர்கள் லட்சக்கணக்கானோருக்கு இன்டர்நெட் இணைப்பு கிடைக்கவில்லை. ஜப்பானில் சாப்ட்பேங்க் வாடிக்கையாளர்களுக்கும் அன்று இதே கதி. இரண்டு நிறுவனங்களுக்கும் சாதனங்கள் வழங்கிய எரிக்சன் நிறுவனத்தின் சாப்ட்வேரில் இருந்த ஒரு சான்றிதழ் காலாவதியானதுதான் முக்கியக் காரணம் என்று பின்னர் தெரிந்தது. 2020 பிப்ரவரி 3 அன்று, மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் டீம்ஸ் சேவை சில மணி நேரம் முடங்கியது. அதற்கும் புதுப்பிக்கப்படாத சான்றிதழ்தான் காரணம்.

இவற்றைவிட நமக்குப் பாடமாக அமைவது அமெரிக்காவில் நடந்தது. பட்ஜெட் தகராறு காரணமாக 2018 டிசம்பர் 22 முதல் 35 நாள்கள் அந்நாட்டு அரசு அலுவலகங்கள் பல மூடிக் கிடந்தன. ஊழியர்கள் வீட்டில் இருந்தனர். சான்றிதழ்களின் தேதி மட்டும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. நீதித்துறை, நாசா உள்ளிட்ட அரசு தளங்களில் 80க்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் புதுப்பிக்கப்படாமல் காலாவதியானதாக, நெட்கிராப்ட் நிறுவனம் 2019 ஜனவரியில் தெரிவித்தது. ஆள் இல்லாவிட்டால் நின்றுபோகும் ஏற்பாடு எப்படி இருக்கும் என்பதற்கு இதுவே உதாரணம். அரசு அலுவலகத்திற்கே இந்த நிலை என்றால், ஒரே ஒருவரை நம்பியிருக்கும் கடைத் தளத்திற்கு? அவர் ஊருக்குப் போனாலோ, உடல் நலமில்லாமல் படுத்தாலோ போதும்.

உண்மையான ஆபத்து இதுதான்

தளம் ஒரு நாள் திறக்காமல் போவது நஷ்டம்தான். அதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று இருக்கிறது. எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ஒரு முறை அவர் கம்ப்யூட்டரில் இந்த எச்சரிக்கைப் பக்கம் வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் "அட்வான்ஸ்டு" பட்டனைத் தட்டி, கீழே இருந்த "ப்ரொசீட்" லிங்க்கில் கிளிக் செய்து உள்ளே போய்விட்டார். "இது எப்பவும் வரும் சார். எங்க சங்கத்து சைட்ல மாசக் கணக்கா இப்படித்தான். கீழே தட்டினா போயிடும்" என்றார்.

அவர் மீது குற்றம் சொல்ல முடியாது. அந்தச் சங்கத்தின் தளம்தான் அவருக்கு இந்தப் பழக்கத்தைக் கற்றுக் கொடுத்திருக்கிறது. நாளை வேறொரு இடத்தில், பொது வைஃபை இணைப்பில், உண்மையிலேயே ஒருவன் நடுவில் புகுந்து போலி வங்கித் தளத்தைக் காட்டினாலும் இதே எச்சரிக்கைதான் வரும். பழகிய கை அங்கேயும் தட்டினால் என்ன ஆகும்?

எச்சரிக்கை அரிதாக வந்தால்தான் மக்கள் அதை மதிப்பார்கள். ஒவ்வொரு தளமும் தன் சான்றிதழை ஒழுங்காகப் புதுப்பித்துக் கொண்டிருந்தால், அந்தச் சிவப்பு முக்கோணம் வரும்போது அது உண்மையான ஆபத்தாகத்தான் இருக்கும். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை நான் எல்லோருக்கும் வலியுறுத்துவதற்கு இதுதான் காரணம். அது தளத்தை நடத்துபவரின் வசதிக்காக மட்டும் அல்ல. தளத்திற்கு வருபவரின் பாதுகாப்பிற்காகவும்தான்.

தானாகப் புதுப்பிப்பது எப்படி நடக்கிறது?

லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இதில் பெரிய மாற்றத்தைக் கொண்டு வந்தது. இன்டர்நெட் செக்யூரிட்டி ரிசர்ச் குரூப் என்ற லாப நோக்கமற்ற அமெரிக்க நிறுவனம் இதை நடத்துகிறது. மொஸில்லா, எலக்ட்ரானிக் பிராண்டியர் பவுண்டேஷன், மிச்சிகன் பல்கலைக்கழகம் போன்றவை இதன் தொடக்கத்தில் பங்கு பெற்றன. 2015 டிசம்பரில் அனைவருக்கும் திறந்துவிடப்பட்ட இந்தச் சேவை, சான்றிதழ்களைக் கட்டணம் இல்லாமல் வழங்குகிறது. இதன் வழக்கமான சான்றிதழின் ஆயுள் தொடக்கத்திலேயே 90 நாள்கள்தான் என்று வைக்கப்பட்டது. ஆயுள் குறைவாக இருந்தால்தான் எல்லோரும் புதுப்பிக்கும் வேலையை இயந்திரத்திடம் விடுவார்கள் என்பதும் ஒரு நோக்கம்.

சர்வரும் சான்றிதழ் அமைப்பும் தமக்குள் பேசிக் கொள்ள ஆக்மி என்ற விதிமுறை இருக்கிறது. 2019 மார்ச்சில் இது இன்டர்நெட்டின் பொது விதிமுறையாக வெளியிடப்பட்டது. நடப்பது இதுதான்.

1. சர்வரில் உள்ள ஒரு சிறிய புரோகிராம், "இந்தப் பெயருக்குச் சான்றிதழ் வேண்டும்" என்று கேட்கிறது.

2. "அந்தத் தளம் உன்னுடையதுதான் என்றால், நான் தரும் இந்த எழுத்துக் கோவையை அங்கே ஒரு குறிப்பிட்ட இடத்தில் வைத்துக் காட்டு" என்று பதில் வருகிறது.

3. புரோகிராம் அதை ஒரு சிறிய பைலாகத் தளத்தில் வைக்கிறது. சான்றிதழ் அமைப்பு, உலகின் பல இடங்களிலிருந்து அந்தப் பைலைப் படித்துப் பார்க்கிறது.

4. சரியாக இருந்தால் புதிய சான்றிதழ் வந்து சேரும். புரோகிராம் அதை உரிய இடத்தில் வைத்து, வெப் சர்வரிடம் புதியதைப் படித்துக் கொள்ளச் சொல்கிறது.

எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடும். பைலுக்குப் பதிலாக, தளப் பெயரின் டி.என்.எஸ். பதிவில் எழுத்துக் கோவையை வைத்துக் காட்டும் முறையும் உண்டு.

வீட்டுக் கடனுக்கான மாதத் தவணை, வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிக்கப்படுவதுடன் இதை ஒப்பிடலாம். ஒரு முறை ஏற்பாடு செய்தால் போதும். தேதியை நாம் நினைவில் வைக்க வேண்டியதில்லை. ஆனால் கணக்கில் பணம் இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும் அல்லவா? இங்கும் அப்படித்தான்.

உங்கள் தளத்தில் எப்படி அமைப்பது?

சிறிய தளங்கள் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்திடம் இடம் வாங்கியிருப்பீர்கள். சி-பேனல் மூலம் தளத்தை நிர்வகிப்பவர்கள், அதில் லாக்-இன் செய்து செக்யூரிட்டி என்ற பிரிவிற்குச் செல்லவும். அங்கு "எஸ்.எஸ்.எல்./டி.எல்.எஸ். ஸ்டேட்டஸ்" என்பதில் கிளிக் செய்திடவும். உங்கள் தளப் பெயர்கள் வரிசையாகக் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் இருக்கிறதா, எப்போது முடிகிறது என்ற விவரம் எதிரே இருக்கும். ஆட்டோ எஸ்.எஸ்.எல். வசதியை நிறுவனம் தந்திருந்தால், "ரன் ஆட்டோ எஸ்.எஸ்.எல்." பட்டனை ஒரு முறை கிளிக் செய்தால் போதும். அதன் பின் புதுப்பிப்பது அதன் வேலை. அந்தப் பட்டன் இல்லையென்றாலோ, நிறுவனம் வேறு கண்ட்ரோல் பேனல் தந்திருந்தாலோ, "தானாகப் புதுப்பிக்கும் இலவசச் சான்றிதழ் வசதி உண்டா?" என்று அவர்களிடம் கேளுங்கள். புதிதாக ஹோஸ்டிங் வாங்குபவர்கள், பணம் கட்டும் முன்பே இதைக் கேட்பது நல்லது.

தனியாக லினக்ஸ் சர்வர் வைத்து நடத்துபவர்களுக்கு சர்ட்பாட் என்ற இலவசப் புரோகிராம் இருக்கிறது. எலக்ட்ரானிக் பிராண்டியர் பவுண்டேஷன் இதைத் தருகிறது. இன்ஸ்டால் செய்தால், வழக்கமாக நாளுக்கு இரண்டு முறை சான்றிதழின் தேதியைப் பார்க்கும். ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே புதுப்பித்துவிடும். 90 நாள் சான்றிதழ் என்றால், 30 நாள்கள் முன்னதாகவே வேலை முடிந்துவிடும். இடையில் ஏதேனும் கோளாறு வந்தாலும் சரி செய்ய நேரம் கிடைக்கிறது. இதன் புதுப்பிக்கும் கட்டளையுடன் "ட்ரை ரன்" என்பதைச் சேர்த்துக் கொடுத்தால், சான்றிதழை மாற்றாமல் ஒத்திகை மட்டும் பார்க்கும். ஏற்பாடு செய்த அன்றே இந்த ஒத்திகையைச் செய்துவிடுங்கள்.

தானியங்கியும் தடுமாறும்

நான் கவனித்து வரும் தளங்களில் ஒன்று, ஒரு பள்ளியின் பழைய மாணவர் சங்கத்தினுடையது. ஹோஸ்டிங் நிறுவனம் தன் சர்வரை மாற்றியபோது, தளப் பெயரைப் புதிய சர்வருக்குத் திருப்பியது. மூன்று டபிள்யூ சேர்த்த பெயர் மட்டும் பழைய சர்வரையே காட்டிக் கொண்டிருந்தது. இரண்டு பெயர்களும் ஒரே சான்றிதழில் இருந்ததால், ஒன்றில் சோதனை தோற்றதும் புதுப்பிப்பு மொத்தமும் நின்றுவிட்டது. தளம் வழக்கம் போலவே திறந்தது. வெளியில் எதுவும் தெரியவில்லை. மாதாந்திரச் சோதனையில் தேதியைப் பார்த்தபோது 12 நாள்கள்தான் மிச்சம் இருந்தன. டி.என்.எஸ். பதிவைத் திருத்தியவுடன் எல்லாம் சரியானது.

இது போல ஏற்பாடு நின்றுபோகக் கூடிய இடங்கள் சில உண்டு.

* தளப் பெயருக்கான ஆண்டுச் சந்தா வேறு, சான்றிதழ் வேறு. பெயர் காலாவதியானால் சான்றிதழையும் புதுப்பிக்க முடியாது.

* சோதனைப் பைல், "வெல் நோன்" என்ற பெயருள்ள போல்டரில் வைக்கப்படும். அதைப் பார்த்து வைரஸ் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். செக்யூரிட்டி சாப்ட்வேர் எதுவும் அந்தப் போல்டரைத் தடுக்கிறதா என்றும் பாருங்கள்.

* பைல் மூலம் சோதிக்கும் முறைக்கு, சர்வரில் 80 என்ற எண்ணுள்ள போர்ட் திறந்திருக்க வேண்டும். பாதுகாப்பு என்று நினைத்துப் பலர் அதை மூடிவிடுகிறார்கள்.

* புதிய சான்றிதழ் வந்து டிஸ்க்கில் அமர்ந்திருக்கும். வெப் சர்வர் அதைப் படிக்காமல் பழையதையே காட்டிக் கொண்டிருக்கும். புதுப்பித்தவுடன் வெப் சர்வர் ரீலோட் ஆகும்படி அமைக்க வேண்டும்.

* புதுப்பிப்பு தோற்றால், கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுத்துக் கொண்டே இருக்காதீர்கள். லெட்ஸ் என்கிரிப்ட், தோல்வியடைந்த முயற்சிகளுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அதைத் தாண்டினால் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். முதலில் ட்ரை ரன் மூலம் தவறைக் கண்டுபிடியுங்கள்.

முன்பெல்லாம் தேதி நெருங்கினால் லெட்ஸ் என்கிரிப்ட் மெயில் அனுப்பி நினைவூட்டும். 2025 ஜூன் 4 முதல் அந்தச் சேவை நிறுத்தப்பட்டுவிட்டது. எனவே கண்காணிப்பது நம் பொறுப்பு.

மாதம் ஒரு முறை பாருங்கள்

இதற்கு ஒரு நிமிடம் போதும். குரோம் பிரவுசரில் உங்கள் தளத்தைத் திறந்து, முகவரிக்கு இடது பக்கம் உள்ள சிறிய ஐகானில் கிளிக் செய்திடவும். கிடைக்கும் மெனுவில் "கனெக்ஷன் இஸ் செக்யூர்" என்பதையும், அடுத்து "சர்டிபிகேட் இஸ் வேலிட்" என்பதையும் கிளிக் செய்தால் ஒரு விண்டோ திறக்கும். அதில் "எக்ஸ்பயர்ஸ் ஆன்" என்பதற்கு எதிரே உள்ள தேதியைப் பாருங்கள். மூன்று டபிள்யூ சேர்த்தும், சேர்க்காமலும் இரண்டு முறை பார்க்க வேண்டும். 90 நாள் சான்றிதழில் 20 நாள்களுக்கும் குறைவாக மிச்சம் இருந்தால், தானியங்கி எங்கோ நின்றுவிட்டது என்று பொருள். உடனே ஹோஸ்டிங் நிறுவனத்தைத் தொடர்பு கொள்ளுங்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையை இதற்காக நான் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

தளம் இல்லாதவர்களுக்கு

எச்சரிக்கைப் பக்கம் வந்தால் முதலில் உங்கள் கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிறிய பேட்டரி தீர்ந்துவிட்டால், கம்ப்யூட்டர் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். அப்போது நல்ல சான்றிதழ்கள்கூட தவறாகத் தெரியும். ஒரு தளம் மட்டும் என்றில்லாமல் பல தளங்களிலும் எச்சரிக்கை வந்தால் இதுவே காரணமாக இருக்கலாம். விண்டோஸ் 10 அல்லது 11ல், டாஸ்க் பாரில் உள்ள கடிகாரத்தில் ரைட் கிளிக் செய்து, "அட்ஜஸ்ட் டேட் அண்ட் டைம்" தேர்ந்தெடுத்து, "செட் டைம் ஆட்டோமேட்டிகலி" என்பதை ஆன் செய்திடவும். அணைத்து இயக்கும் ஒவ்வொரு முறையும் தேதி மாறினால், பேட்டரியை மாற்ற வேண்டும். பல டெஸ்க்டாப்களில் இருப்பது சி.ஆர். 2032 என்ற பட்டன் பேட்டரி.

தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், "ப்ரொசீட்" பக்கம் போகாதீர்கள். வங்கி, மெயில், ஷாப்பிங் போன்ற பாஸ்வேர்டு கேட்கும் தளங்களில் கண்டிப்பாகக் கூடாது. சில தளங்களில் பிரவுசரே அந்த வழியை அடைத்துவிடும். பொது வைஃபையில் இருந்தால் இணைப்பைத் துண்டித்து, உங்கள் மொபைல் இணைப்பில் முயன்று பாருங்கள். அங்கு எச்சரிக்கை வராவிட்டால், அந்த வைஃபையை நம்ப வேண்டாம். அங்கும் வந்தால், தளத்தை நடத்துபவருக்குப் போன் செய்து, "உங்கள் சான்றிதழைக் கொஞ்சம் பாருங்கள்" என்று சொல்லுங்கள். பல சிறிய தளங்களின் உரிமையாளர்களுக்கு இந்த விஷயமே தெரியாது. தானாகப் புதுப்பிக்கும் வசதி இலவசமாகக் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.